பதில் சொல்லிட்டுப் போங்க

கடவுள் துணை

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மாமாவும் உன் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் சளி விட்டதா, இன்னும் அந்த ரூமில் ஜன்னலைத் திறந்துபோட்டுத்தான் படுக்கிறாயா? ஊர் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி எழுதிப்போட உனக்குப் பன்னிரண்டு நாள் போதவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிறவன், தபால்பெட்டி வரை நடக்க முடியாமல் எங்கே மாட்டிக்கொண்டானோ தெரியவில்லை.

உன் சாம்பல் நிற ஸ்வெட்டரை இங்கேயே விட்டுவிட்டாய். துவைத்து வைத்திருக்கிறேன். விடாமல் என்ன செய்வாய்? அந்த வியாழக்கிழமை மாமாவுக்குச் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட் அறைக்குப் போனாய். சாயங்காலம் முகம் வெளுத்துப்போய் வந்தாய். ஒரு வாய் காபி குடி என்றேன், ஆறு மணி பஸ் போய்விடும் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். நடுவில் என்ன நடந்தது என்று ஊரெல்லாம் பேசுகிறது, எனக்குத்தான் யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

கேட் மூடித்தான் இருந்தது, ரொட்டிக்காரர் சைக்கிளைச் சாய்த்துக் குறுக்குக் கட்டைக்கு அடியில் நுழைந்துவிட்டார், அதனால்தான் ரயிலில் அடிபட்டார் என்று மாமா எழுதிக் கொடுத்திருக்கிறாராம். இது எனக்கு ஸ்டேஷன் குமாஸ்தாவின் மனைவி சொல்லித் தெரிகிறது. இவரோ வாயையே திறப்பதில்லை. விசாரணை முடிகிற வரைக்கும் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு பாதித்தட்டு. அன்றைக்குப் போட்டிருந்த யூனிஃபார்ம் சட்டையில் வலது கைப் பட்டன் நூலோடு பிய்ந்திருக்கிறது. எங்கே மாட்டிக் கிழித்தீர்கள் என்று கேட்டால், தெரியாது என்கிறார். அதே மாதிரிப் பட்டன் கடையில் கிடைக்கவில்லை, வேறு ஒன்று வைத்துத் தைத்திருக்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் எப்போதும் ஒரே வழக்குத்தான்: சாமி நம்பிக்கை இல்லாதவன் ஒழுங்காக இருப்பானா, மாட்டானா. இந்தத் தடவையும் வந்த மூன்று நாளும் என் காது புளித்தது. இப்போது அந்தச் சத்தமில்லாமல் வீடு என்னவோபோல் இருக்கிறது. அன்றைக்கு என்ன பார்த்தாய் என்று எனக்காவது எழுது, வக்கீலே.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலமாக இருக்கிறேன், நீங்கள் எல்லோரும் நலம்தானே? சளி விட்டுவிட்டது. ஜன்னலை மூடினால் கூட இருப்பவனின் குறட்டை வெளியே போக வழி இல்லை, அதனால் திறந்துதான் இருக்கிறது. எழுதாமல் இருந்ததற்குத் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே வேலை நிறைய. புதிதாக ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதில் இருக்கிற லிஃப்டுக்கு என்னைவிட வயது அதிகம். ஏழாவது மாடியில் நிற்கச் சொன்னால் ஏழேகாலில் நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் தாண்டிக் குதிக்கப் பழகிவிட்டார்கள், சரிசெய்துவிட்டேன் என்றால் நம்ப மறுக்கிறார்கள். மருமகளுக்குப் பரீட்சை எப்போது? படிக்கிற மேஜை ஆடுகிறது என்றாளே, அடுத்த தடவை வரும்போது கால் வைத்துத் தருகிறேன் என்று சொல்.

அன்றைக்கு எல்லாம் மளமளவென்று நடந்துவிட்டது அக்கா. எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. மாமாவிடமே கேட்டுக்கொள்.

அந்த ரொட்டிக்காரர் எப்படி இருக்கிறார்? பிழைத்துவிட்டாரா? அதை மட்டும் உடனே எழுது.

உன்,
தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. எல்லோரும் இருக்கிறோம். நீயும் நலம்தானே?

ரொட்டிக்காரர் உயிருக்கு ஆபத்தில்லையாம். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரியில் என்னை இந்த மாதம் ஆண்கள் வார்டு டியூட்டியில் போட்டிருக்கிறார்கள், நின்று நின்று கணுக்கால் வீங்குகிறது.

மாமா முந்தாநாள் என்னிடம் சொல்லிவிட்டார். தட்டில் கையை வைத்துக்கொண்டே சொன்னார். கேட் திறந்துதான் இருந்ததாம். ரயில் வருகிறது என்று போன் வந்து, எடுத்துப் பேசி வைத்தும் விட்டாராம். பிறகு இறக்கத் தாமதமாகிவிட்டதாம். ஏன் தாமதம் என்று கேட்டேன், "ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்றார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. அடிபட்ட பிறகு ஓடிப்போய்ச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டையை இறக்கியிருக்கிறார். வந்து பார்த்தவர்களுக்குக் கேட் மூடியிருந்தது. அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் ஒரு குறை இல்லாமல் பார்த்த வேலை தம்பி. ஒரே ஒரு நாள்.

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். விசாரணை ஏப்ரல் 26. அறையில் கூட இருந்த ஒரே ஆள் நீ என்பதால் உனக்கும் தாக்கீது வரும். கேட் மூடியிருந்தது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் இது முடிந்துபோகும். சொல்லாவிட்டால் வேலை போகும், இந்தக் குவார்ட்டர்ஸ் போகும், உள்ளேகூடப் போட்டுவிடுவார்கள் என்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணிடம் நான் என்ன சொல்வேன்?

"கடவுள் சாட்சியாக" என்று ஆரம்பிக்கச் சொல்வார்களாம். அந்த இடத்தில் நான் இருந்தால் என்னால் முடியாது, நாக்கு எழும்பாது. நீதான் அதெல்லாம் இல்லை என்கிறவன் ஆயிற்றே. எங்களுக்குத்தான் அது சத்தியம், உனக்கு அது வெறும் வார்த்தை. சொன்னால் உன்னை என்ன செய்யப் போகிறது?

நான் எழுதுவது மாமாவுக்குத் தெரியாது. உன் பெயரை எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுகிறார். பதில் உடனே போடு.

அக்கா


மார்ச் 18

தம்பிக்கு,

நலம். உன் நலம் உனக்குத்தான் தெரியும், எழுதினால்தானே எனக்குத் தெரியும்.

தினமும் தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறார். உன்னிடம் நான் இதுவரை என்ன கேட்டிருக்கிறேன்? அம்மாவின் கைக்கடிகாரத்தை நான் கீழே போட்டு உடைத்தேன். நீ ஒன்பது வயதுப் பொடியன், நான்தான் உடைத்தேன் என்று முன்னால் போய் நின்று அடி வாங்கினாய். அப்போது யாரும் கேட்காமலே வந்த பொய், இப்போது அக்கா கெஞ்சியும் வராதா? அவ்வளவு பெரிய மனிதனாகிவிட்டாயா?

வருவாயா, மாட்டாயா? அதையாவது எழுது.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம். உன் கணுக்கால் வீக்கம் எப்படி இருக்கிறது? டியூட்டி முடிந்ததும் தலையணைமேல் காலைத் தூக்கிவைத்துப் படு. நர்ஸுக்கு நான் சொல்லித் தரவேண்டியிருக்கிறது பார்.

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். கோபித்துக்கொள்ளாமல் படி.

கைக்கடிகாரம் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பொய்யில் அடி எனக்கு விழுந்தது அக்கா. இந்தப் பொய்யில் அடி ரொட்டிக்காரருக்கு விழும். ஏற்கெனவே கால் போனவர். அவர் பொய்யர் என்றும் நான் போய்ச் சொல்லவேண்டும்.

எனக்கு அது வெறும் வார்த்தை என்று எழுதியிருந்தாய். என் வேலையைச் சொல்கிறேன். ஒவ்வொரு லிஃப்டுக்கும் உச்சியில் ஒரு மெஷின் அறை உண்டு. அங்கே சுவரில் ஒரு அட்டை தொங்கும். பிரேக் பார்த்தேன், கயிறு பார்த்தேன், கதவு பார்த்தேன் என்று தேதி போட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். அந்த அறைக்கு என்னைத் தவிர யாரும் வரமாட்டார்கள். போன மாதம் எங்கள் சூப்பர்வைசர், "எதுக்கு மூச்சு வாங்க ஏர்றே, கீழயே உக்காந்து மூணு மாசத்துக்கும் சேர்த்துப் போட்டுடு" என்றார். நல்ல மனிதர், பக்திமான், வெள்ளிக்கிழமை விரதம்கூட விடமாட்டார். நான் முணுமுணுத்துக்கொண்டே மாடிப்படி ஏறினேன். எந்தச் சாமிக்குப் பயந்து ஏறினேன்? அந்தப் பெட்டிக்குள் தினமும் ஆட்கள் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குமேல் எனக்குப் பெரிய தத்துவம் எதுவும் தெரியாது.

நீ தப்பு செய்தால் போய் அழுது மன்னிப்புக் கேட்க உனக்கு ஒரு இடம் இருக்கிறது. கிண்டல் இல்லை, சில நேரம் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். எனக்கு அந்த வசதி கிடையாது. யாருக்குத் தப்பு செய்தேனோ அவர் முகத்துக்கு முன்னால் போய்த்தான் நிற்கவேண்டும்.

இன்னொன்று. நீ எனக்கு எழுத ஆரம்பித்த நாளிலிருந்து காகிதத்தின் மேலே "கடவுள் துணை" என்று எழுதாமல் ஒரு கடிதம் எழுதியதில்லை. அப்பா போன தந்தியில்கூட அதை எழுதச் சொல்லித் தபாலாபீஸில் சண்டை போட்டாய். மார்ச் மாதம் வந்த இரண்டு கடிதத்திலும் அது இல்லை. மறந்துவிட்டாயா? நீ மறக்கிற ஆள் இல்லை.

26ஆம் தேதி வருகிறேன். என்ன சொல்வேன் என்று கேட்காதே. ரொட்டிக்காரரைப் பற்றி "ஆபத்தில்லையாம்" என்று யாரோ சொன்ன மாதிரி எழுதியிருந்தாய். நீ வேலை பார்க்கிறதைத் தவிர அந்த ஊரில் வேறு ஆஸ்பத்திரி இருக்கிறதா என்ன?

உன்,
தம்பி


ஏப்ரல் 7

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. எல்லோரும் நலம். கணுக்கால் பரவாயில்லை.

உனக்கு வக்கீல் என்று பெயர் வைத்தது நான்தானே, அனுபவிக்கவேண்டியதுதான்.

ரொட்டிக்காரர் என் வார்டில்தான் இருக்கிறார். ஏழாம் நம்பர் கட்டில். மார்ச் முதல் வாரத்திலிருந்து தினமும் காலையில் அவருக்குக் கட்டு மாற்றுவது நான்தான். நான் யார் வீட்டுக்காரி என்று அவருக்குத் தெரியாது. வார்டில் சொல்லவேண்டாம் என்று ஆயாவிடம்கூடச் சொல்லிவைத்திருக்கிறேன். கட்டைப் பிரிக்கும்போது வலி தெரியாமல் இருக்க ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். எந்தத் தெருவில் யாருக்கு எத்தனை ரொட்டி, யார் வீட்டு நாய் துரத்தும், எல்லாம் எனக்கு மனப்பாடம். நாற்பத்தாறு வயது. அவருடைய மனைவி சாயங்காலம் வந்து தலையை வாரிவிட்டுப் போவார்.

முதலில் தினமும் ஒரே பேச்சுத்தான். "கேட் தொறந்துதான் இருந்துச்சு சிஸ்டர், நான் இறங்கித் தள்ளிக்கிட்டுக்கூடப் போகல, ஓட்டிக்கிட்டேதான் போனேன். மூடியிருந்தா எப்படி ஓட்டிக்கிட்டுப் போவேன்?" என்பார். நான் கத்தரிக்கோலைத் தேடுகிற மாதிரித் திரும்பிக்கொள்வேன். விசாரிக்க வந்தவர்கள், பேக்கரி முதலாளி, கடைசியில் அவருடைய சொந்தத் தம்பி, எல்லோரும் மூடித்தான் இருந்தது என்று சொல்லிச் சொல்லி, போன வாரத்திலிருந்து அவர் பேச்சே மாறிவிட்டது. "மூடித்தான் இருந்துச்சோ என்னமோ. அடிபட்டதுல எனக்குத்தான் புத்தி கலங்கிடுச்சு போல" என்கிறார்.

நேற்று நான் முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க தினமும் சாமி கும்பிடுறவங்க, பார்த்தாலே தெரியுது. எனக்காக ஒண்ணு வேண்டிக்குங்க. தப்பே செய்யாத ஒரு கேட் கீப்பர்மேல வீணாப் பழி போட்டுட்டேன். அது மன்னிக்கப்படணும்" என்றார்.

நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். என்னால் வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை தம்பி. என்னவென்று வேண்டுவது?

மேலே அந்த வரியை எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன், அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி. கை போகவில்லை. மறக்கவில்லை.

இப்போது உன்னிடம் என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. மாமா உள்ளே போய்விட்டால் என்று ராத்திரியெல்லாம் முழித்துக் கிடக்கிறேன். ஏழாம் நம்பரை நினைத்தாலும் தூக்கம் வருவதில்லை.

அக்கா


ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

இந்த உறைக்குள் ஒரு பட்டன் வைத்திருக்கிறேன். மாமாவின் சட்டைப் பட்டன். என் பேன்ட் பையில் இருந்தது, நீ முதல் கடிதத்தில் கேட்டபோதே இருந்தது. உன்னிடம் பேசத் தைரியமில்லாமல் இத்தனை நாள் வைத்திருந்தேன்.

அன்றைக்கு மாமா சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு உட்கார்ந்தார். வழக்கமான வழக்கு ஆரம்பித்தது. மேலே ஒருவர் பார்க்கிறார் என்கிற எண்ணம் போய்விட்டால் மனிதன் எதற்குக் கட்டுப்படுவான் என்றார். எனக்குச் சுருக்கென்றது. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற நான் யாருக்குக் கட்டுப்படாமல் திரிகிறேன் என்று கேட்டேன். அவர் சிரித்தார். அப்போது போன் மணி அடித்தது. எடுத்துப் பேசினார், நோட்டில் நேரம் எழுதினார், சக்கரத்தைச் சுற்ற எழுந்தார். எனக்கோ ஒரு நல்ல கேள்வி அப்போதுதான் கிடைத்திருந்தது. மாமா எழுந்து போய்விட்டால் அது ஆறிப்போய்விடும். சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"சாமி பாக்கலைன்னா நீங்க இந்த கேட்டை மூட மாட்டீங்களா மாமா? இதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

அவர் உட்கார்ந்து யோசித்தார். மாமாவை உனக்குத் தெரியும், கேள்வி என்று கேட்டுவிட்டால் ஒப்புக்குப் பதில் சொல்லமாட்டார். நிஜமாகவே யோசித்தார். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் ஊதுகிற சத்தம் கேட்டுத்தான் இரண்டு பேரும் எழுந்தோம். அவர் கையை உதறிக்கொண்டு ஓடியபோது பட்டன் என் கையோடு வந்துவிட்டது.

"ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்று மட்டும் உன்னிடம் சொல்லியிருக்கிறார். நான் பிடித்து உட்காரவைத்ததை உன்னிடம்கூடச் சொல்லவில்லை, எழுதியும் கொடுக்கவில்லை. என்னைக் காப்பாற்றியிருக்கிறார். என்னால் சாமி இல்லாமலே ஒழுங்காக இருக்க முடியும் என்று காட்டத்தான் கையைப் பிடித்தேன். காட்டிவிட்டு ஆறு மணி பஸ்ஸில் ஓடி வந்துவிட்டேன்.

மார்ச் மாதம் நீ பொய் கேட்டபோது நான் ஏதோ யோக்கியன் மாதிரி எழுதினேன். அந்தப் பொய் எனக்கும் சௌகரியமான பொய்தான். இரண்டு நாள் அதைச் சொல்லிவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன். எந்த மெஷின் அறை அட்டையும் அப்போது என் ஞாபகத்துக்கு வரவில்லை. இது உனக்குத் தெரியவேண்டும்.

26ஆம் தேதி நடந்ததை நடந்தபடி சொல்வேன், கையைப் பிடித்ததையும் சேர்த்து. இந்தக் கடிதத்தை மாமாவிடம் காட்டு. என்னை வீட்டுக்குள் விடவேண்டாம் என்று அவர் சொன்னால் நேராக விசாரணைக்குப் போய்க்கொள்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலத்துக்கு எழுது.

உன் மேல் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்கப் பொங்கிப் பொங்கி வந்தது. பட்டனை எடுத்துக் குப்பையில் போட்டேன், பிறகு நானே போய்ப் பொறுக்கி எடுத்தேன். கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன், முன்னால் நான் உனக்கு என்ன எழுதினேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் படித்து முடித்து மடித்து, "பாவம், ரெண்டரை மாசமா தனியா வெச்சுக்கிட்டு இருந்திருக்கான்" என்றார். உன்னைத்தான் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் காலை நான் டியூட்டிக்குக் கிளம்பினால் அவரும் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். வார்டுக்குள் வந்து ஏழாம் நம்பர் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தான் யார் என்று சொன்னார். நான் அவருடைய மனைவி என்பதையும் சொன்னார். "கேட் தொறந்துதான் இருந்துச்சு. நான்தான் மூடல. நீங்க சொன்னதுதான் நிஜம்" என்றார்.

ரொட்டிக்காரர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "அப்ப எனக்குப் புத்தி கலங்கலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து மாமா மேல் வீசினார். நெற்றியில் பட்டுக் கீழே விழுந்து உருண்டது. வார்டே திரும்பிப் பார்த்தது. வெளியே போ என்று கத்தினார், என்னையும் சேர்த்துத்தான். நான் வாசல் வரைக்கும் போய் நின்றேன். மூன்று வாரமாகத் தானே குற்றவாளி என்று சுருண்டு கிடந்த ஆள் தம்பி அவர். கத்துகிற குரலைக் கேட்க எனக்கு நெஞ்சு லேசாயிற்று. இதை யாரிடமாவது சொன்னால் என்னைத்தான் பைத்தியம் என்பார்கள்.

இப்போது அவருக்கு வேறு நர்ஸ் கட்டு மாற்றுகிறாள். மாமா நெற்றியில் சின்ன வீக்கம். வீட்டுக்கே வா. படுக்கை போட்டு வைக்கிறேன்.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலமாக வந்து சேர்ந்தேன், இந்தத் தடவை ஒரு வாரத்துக்குள்ளேயே எழுதுகிறேன் பார். வேலைக்குத் திரும்பவேண்டிய அவசரத்தில் உன்னை வார்டு வாசலில் ஐந்து நிமிடம்தான் பார்க்க முடிந்தது. விசாரணையில் நடந்ததை மாமா உன்னிடம் முழுதாகச் சொல்லியிருக்கமாட்டார், அதனால் எழுதுகிறேன்.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். "கடவுள் சாட்சியாக" என்று சொல்லச் சொன்னார் குமாஸ்தா. எனக்கு நம்பிக்கையில்லை, மனசாட்சிப்படி என்று சொல்லலாமா என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எதுக்கும் பயமில்லாத ஆளு சொல்றதை நாங்க எந்த நம்பிக்கையில எழுதிக்கிறது?" என்றார். திட்டவில்லை அக்கா, அவருக்கு உண்மையாகவே அது சந்தேகம். வாதத்துக்குப் பெயர் போன வக்கீல், வாயடைத்து நின்றேன்.

பின்னால் பெஞ்சில் இருந்த மாமா எழுந்தார். "சார், இவனுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனா பொய் சொல்ல மாட்டான். அதுக்கு நான் சாட்சி. நான் சாமி கும்பிடுறவன், ஆனா பொய் எழுதிக் கொடுத்திருக்கேன். அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுங்க, வேற எழுதித் தரேன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் சொன்னது எல்லாம் சும்மா கூடச் சேர்த்த மாதிரிதான். கையைப் பிடித்ததைச் சொன்னேன். மாமா அதைத் தள்ளிவிடப் பார்த்தார், பிடித்தாலும் உதறிவிட்டுப் போயிருக்க வேண்டியது தன் வேலை என்றார். இரண்டு பேரும் பழிக்குப் போட்டிபோட்டோம். அதிகாரி, ஒவ்வொருத்தரா பேசுங்க என்றார்.

பஸ்ஸுக்கு முன்னால் ஏழாம் நம்பரிடம் போனேன். நீ வாசலோடு நின்றுவிட்டாய், அதனால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. என்னிடம் டம்ளரை வீசவில்லை, பிளாஸ்டிக் டம்ளராக மாற்றியிருக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னதும், "நீங்க ரெண்டு பேரும் அப்படி எதைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். சாமி இல்லாமல் மனிதன் ஒழுங்காக இருப்பானா என்று பேசினோம் என்றேன்.

"அதைப் பேச வேற நேரமே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றார்.

மருமகளின் மேஜைக்குக் கால் வைக்காமலே வந்துவிட்டேன். மன்னிக்கச் சொல்.

உன்,
தம்பி


கடவுள் துணை

ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. எல்லோரும் நலம். மேலே எழுதியிருக்கிறேன், பார்த்தாயா? இந்தத் தடவை கை தானாகப் போயிற்று.

தீர்ப்பு வந்துவிட்டது. மாமாவைக் கேட் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், இனி எந்தக் கேட்டிலும் வைக்கமாட்டார்கள். தானாக ஒப்புக்கொண்டதால் அடியோடு தள்ளிவிடாமல் சாமான் கிடங்கில் மூட்டை எண்ணுகிற வேலை. கோர்ட்டில் தனியாக ஒரு வழக்கு இருக்கிறது, அது என்ன ஆகுமோ. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். இப்போது இருப்பது ஒன்றரை அறை. அந்த அரை அறையை உன் மருமகள் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன், மேஜையின் ஆட்டத்துக்கு ஒரு அட்டையை மடித்து வைத்துவிட்டுப் படிக்கிறாள். முதல் ஒரு வாரம் அப்பாவோடு பேசாமல் இருந்தாள், இப்போது பேசுகிறாள்.

ஏழாம் நம்பர் வீட்டுக்குப் போய்விட்டார். கட்டைக் கால் வைத்துப் பழகுகிறார். மாமா வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் அங்கே போகிறார். முதல் மூன்று தடவை அவர் கதவைத் திறக்கவே இல்லை, இவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டு வந்தார். நாலாவது தடவை மனைவி திறந்தார். இப்போது அவர் தெரு முனை வரைக்கும் நடந்து பழக, இவர் கூடவே நடக்கிறார். பேச்செல்லாம் கிடையாதாம். மன்னித்துவிட்டாரா என்று கேட்டேன், நான் கேட்கவில்லை என்றார் மாமா.

உன்னிடம் நான் கேட்டது தப்பு தம்பி. உனக்குச் சாமி இல்லை என்பதால் உன்னைப் பொய்க்கு வசதியான ஆள் என்று நினைத்துவிட்டேன். என் சாமி என்னைப் பற்றி என்ன நினைத்திருக்கும் என்று அப்புறம்தான் தோன்றியது. உன் ஸ்வெட்டரையும் இத்தோடு அனுப்புகிறேன். பழைய பட்டனை மாமா சட்டையில் திரும்பத் தைத்துவிட்டேன். அந்தச் சட்டையை அவர் இனி போடப் போவதில்லை, ஆனாலும் தைத்தேன்.

மீதி இடத்தில் மாமா ஏதோ எழுதவேண்டுமாம்.

அக்கா


மாப்பிள்ளை, நலமா? நான் நலம். கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

அன்றைக்கு ஒன்று கேட்டாய். பதில் சொல்லாமலே எழுந்து ஓடிவிட்டேன். சாமி பார்க்காவிட்டால் கேட்டை மூடமாட்டீர்களா என்றாய். நாலரை மாதம் யோசித்தேன். மூட்டை எண்ணும்போதும் யோசிக்கிறேன், கணக்குத் தப்புகிறது.

சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு அதில் இன்றைக்கும் சந்தேகம் இல்லை. நான்தான் ரோட்டைப் பார்க்கவில்லை.

அடுத்த தடவை வா, மீதியைப் பேசலாம். டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்து வா.